1,810 திர்ஹமில் ஒரு வீடு



வீடு மந்திரிக்க என்னை அழைக்கிற குடும்பங்களில் பாதிப் பேர் வாசலிலேயே மன்னிப்புக் கேட்கிறார்கள். "சாமி, சோபா இன்னும் வாங்கல", "ஃபாதர், அடுத்த சம்பளத்துலதான் டைனிங் டேபிள்" என்கிறார்கள். கையில் தீர்த்தத்தோடு நிற்கிறவனுக்கு நாற்காலி எதற்கு என்று நான் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. வளைகுடாவுக்குக் குடிவருகிற நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு என்பது முதலில் ஒரு பொருள்பட்டியலாகவே வந்து சேர்கிறது. இன்று அந்தப் பட்டியலைப் பற்றி எழுத விரும்புகிறேன். சற்று நீளும், வேலைக்குச் செல்லும் பேருந்தில் வாசித்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றைச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற தவக்காலத்தில் என்னிடம் பேச வந்தார். (அவருடைய இசைவோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கை மாற்றவில்லை.) ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை. மாதச் சம்பளம் 5,500 திர்ஹம். ரோலா பகுதியில் ஆறு பேர் இருக்கும் அறையில் ஒரு பெட் ஸ்பேஸ். மனைவியும் நான்கு வயது மகளும் ஊரில். அந்தக் குழந்தை தந்தையைக் கைப்பேசித் திரையிலேயே கண்டு வளர்ந்தது; விடுமுறையில் அவர் ஊருக்குச் சென்றபோது முதல் இரண்டு நாள்கள் அவர் மடியில் அமர மறுத்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள இந்த நாட்டுச் சட்டம் கேட்கும் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000. அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தகுதி வந்துவிட்டது. தடுத்து நிறுத்தியது சட்டமன்று. மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு தாள். உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர், தாம் குடும்பத்தை அழைத்தபோது வாங்கியவற்றை எழுதிக் கொடுத்திருந்தார். கட்டில், மூன்று கதவு அலமாரி, சோபா, 55 அங்குலத் தொலைக்காட்சி, அதை வைக்க ஒரு மேசை, நான்கு பேர் உண்ணும் மேசை, தரைக்கம்பளம், திரைச்சீலைகள், குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், மைக்ரோவேவ். கூட்டுத்தொகை 14,000 திர்ஹம். அதை இரண்டாண்டுத் தவணைக் கடனில் வாங்கினால் வட்டி சேர்த்து மாதம் 600க்கு மேல் போகும். வாடகையும் தவணையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மூவர் உண்ண முடியாது. ஆகவே "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தார்.

அந்தத் தாளை மேசையில் விரித்து ஊரிலிருந்த மனைவியை அழைத்தோம். பேச்சு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீண்டது. பெரும்பாலும் அந்தப் பெண்ணே பேசினார். சோபா என்று நான் வாசித்ததும், "அது எதுக்கு சாமி? அவங்க வீட்டுல இருக்குறதே ராத்திரி ஏழு மணி நேரம்தான். தூங்குவாங்களா, உக்காருவாங்களா?" என்றார். அடித்துவிட்டோம்.

தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. "அன்பியக் கூட்டம் நம்ம வீட்டுல வந்தா எல்லாரையும் எங்க உக்கார வைக்கிறது?" இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்து செல்ல எனக்கு மனமில்லை. பொருளாசை என்று நாம் மேடையில் திட்டுவதில் பெரும்பகுதி உண்மையில் இந்த அச்சம்தான். வந்தவர்கள் ஊருக்குத் திரும்பி "அவன் துபாயில் தரையில் கிடக்கிறான்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். வெளிநாட்டில் இருப்பவனின் வீட்டை ஊர் முழுவதும் வீடியோ அழைப்பில் பார்க்கிறது. பின்னணியில் தெரியும் சுவருக்காகவே கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே சோபாவை ஒரு கணக்கால் எதிர்கொண்டோம். அவர் பார்த்து வைத்திருந்த ஒற்றை அறைக் குடியிருப்பு 350 சதுர அடி. ஆண்டு வாடகை 24,000 திர்ஹம். அதாவது ஒரு சதுர அடித் தரைக்கு ஆண்டுக்கு 68 திர்ஹமுக்குச் சற்று மேல். மூவர் அமரும் சோபா ஏழடிக்கு மூன்றடி, 21 சதுர அடி. அந்தச் சோபா நின்றிருக்கும் தரைக்கு மட்டும் ஆண்டுக்கு 1,440 திர்ஹம் வாடகை. சோபாவின் விலை 900 என்று எழுதியிருந்தது. விலையைவிட அதன் வாடகை அதிகம்! தம்பி கைப்பேசியில் இரண்டு முறை கணக்கிட்டுப் பார்த்தார். கிடங்கில் வேலை செய்கிறவர் அல்லவா, தரையின் விலை அவருக்கு உடனே புரிந்தது. அதன்பின் அலமாரியையும் உணவு மேசையையும் அவரே அடித்தார்.

இறுதியில் வாங்கியவை இவை. பழைய குளிர்பதனப் பெட்டி 350, பழைய சலவை இயந்திரம் 300, இரண்டையும் ஏற்றி இறக்கிய பிக்கப் வண்டிக்கு 150. புதிய மெத்தை 200. மின்னடுப்பு 120. மடக்கு மேசை 60, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு 50. கனமான திரைச்சீலை 100. இரும்பு அடுக்கு 90, நின்று சுழலும் விசிறி 90. வாளி, குவளை, துடைப்பான் எல்லாம் சேர்த்து 60. பல்புகள் 40. தட்டு, டம்ளர், டப்பாக்கள் என்று சமையலறைச் சில்லறைக்கு 200. மொத்தம் 1,810 திர்ஹம். கடன் இல்லை.

சில காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், உங்களில் சிலருக்கு உதவும். குளிர்பதனப் பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் பழையதாக வாங்கலாம். விற்பவர் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். குளிர்பதனப் பெட்டியை நிறுத்திய நிலையிலேயே ஏற்றிவர வேண்டும். வந்தவுடன் மின்சாரம் கொடுக்காமல் சில மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். ஆனால் மெத்தையையும் துணி வேய்ந்த எந்தப் பொருளையும் பழையதாக வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒருமுறை நுழைந்தால் மருந்தடிக்கும் செலவில் இரண்டு புது மெத்தைகள் வாங்கிவிடலாம். திரைச்சீலையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். மேற்குப் பார்த்த சன்னலில் கனமான திரை இல்லையென்றால் ஜூலை மாதத்தில் குளிர்சாதனம் ஓய்வின்றி ஓடும். மின்கட்டணம் அதைச் சொல்லும். கம்பளம் தேவையே இல்லை. இங்கே வீசும் மணற்காற்றில் கம்பளம் என்பது தூசிக்கு நாம் போட்டுக்கொடுக்கும் படுக்கை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வீட்டில் அதைக் காணும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

மீதியை அந்தப் பெண் ஊரிலிருந்து கொண்டுவந்தார்: குக்கர், இரும்புத் தோசைக்கல், இட்லித் தட்டு, மிக்சி, அஞ்சறைப் பெட்டி, இரண்டு கோரைப்பாய். அமீரகத்தின் மின்னழுத்தம் நம் ஊரோடு ஒத்துப்போவதால் மிக்சிக்கு ஒரு பிளக் மாற்றி போதும். சவூதிக்குச் செல்வோர் கவனியுங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மோட்டார் உள்ள பொருளைக் கேட்டுவிட்டுக் கொண்டுசெல்லுங்கள்.

துபாயில் வீடு எடுப்போர் இந்தக் கணக்கோடு வேறு சிலவற்றையும் சேர்க்க வேண்டும். மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு அடுக்ககம் என்றால் 2,000 திர்ஹம் முன்பணம். வீட்டுக்காரருக்கு முன்பணம். முகவர் வழியாகச் சென்றால் அவருக்குத் தரகு. ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு வீட்டு வரியாக மின்கட்டணச் சீட்டிலேயே மாதாமாதம் வரும். பொருள்களுக்கு 10,000 செலவழித்துவிட்டு இவற்றுக்குக் கடன் அட்டையைத் தேய்ப்பவர்கள் அநேகர். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் காசோலைகளுக்கும் முன்பணத்துக்கும் பணத்தை ஒதுக்குங்கள். மீதியில் வீடு வளரட்டும். இங்கே திரும்பி வந்த காசோலை எவ்வளவு துன்பம் தரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். "மினிமலிசம்" என்ற சொல்லை இன்றைய இளையோர் வலையொளிகளில் கேட்டு வந்து என்னிடம் சொல்கிறார்கள்: வெள்ளைச் சுவர், ஒரு செடி, ஒரு விளக்கு. அந்த ஒற்றை விளக்கின் விலை நம் தம்பியின் வீட்டு விலையைவிட அதிகம்! எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துச் சலித்தவர்கள் ஒழிக்கும் கலை அது. அவர்களுக்கு அது பயன்படட்டும். நம் பாட்டிமார் அதற்குப் பெயர் வைக்காமலே வாழ்ந்தார்கள். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் படுக்கையறை கூடமாகிவிடும். இலை போட்டால் அதே இடம் உணவறை. குழந்தைக்குத் தொட்டில் உத்தரத்தில் கட்டிய பழைய சேலை. ஓர் அறை ஒரு நாளில் நான்கு அறைகளாக மாறும். மேலைநாட்டு அறைகளில் ஒவ்வொரு பொருளும் தன் இடத்தைவிட்டு நகராது; ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை வேண்டியிருக்கிறது. 350 சதுர அடியில் குடியிருப்பவருக்கு எந்த முறை உகந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த மண்ணின் பழைய மக்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். எண்ணெய் வருவதற்கு முன் இந்தக் கரையோரத்தில் பெரும்பாலோர் குடியிருந்தது 'அரீஷ்' எனப்படும் பேரீச்ச ஓலை வீடுகளில். ஓலை இடுக்குகள் வழியே காற்று புகும், அதுவே குளிர்சாதனம். கோடையில் கடற்கரையை விட்டு லிவா, அல் ஐன் போன்ற சோலைகளுக்கு ஒட்டகத்தில் இடம்பெயர்வார்கள். ஒட்டகம் சுமக்க முடிந்ததே வீட்டுப் பொருள். அருங்காட்சியகங்களில் இன்றும் அரீஷ் வீட்டைக் காட்டுகிறார்கள். உள்ளே சென்று நின்று பாருங்கள். பாய், திண்டு, தண்ணீர்க் கலம், காபிக் கெண்டி. நம் ஊர்க் குடிசைக்குள் நிற்பதுபோலவே இருக்கும்.

இன்னும் பழைய வீடுகளும் உண்டு. அபுதாபியின் மேற்கே சர் பனி யாஸ் தீவில் 1992ஆம் ஆண்டு ஒரு கிறிஸ்தவத் துறவு மடத்தின் இடிபாடுகள் கண்டறியப்பட்டன. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் கீழைத் திருச்சபைத் துறவியர் அங்கே வாழ்ந்தனர். ஜெபல் தன்னாவிலிருந்து படகில் செல்லலாம். கோவிலைச் சுற்றிலும், சற்றுத் தொலைவிலும் சிறு முற்றங்களோடு கூடிய வீடுகள். அவற்றில் ஒன்றின் முற்றத்தில் கிடைத்த சுதைச் சிலுவையைப் பற்றிய செய்தி 2025 ஆகஸ்டில் வெளியானதை நீங்கள் படித்திருப்பீர்கள். நான் அங்கே சென்றபோது சிலுவையைக் காட்டிலும் அறைகளின் அளவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் உயரத்துக்குத்தான் சுவர்கள் எஞ்சியிருக்கின்றன. நம் குடியிருப்புகளில் பலவற்றின் சமையலறை அளவுதான் ஓர் அறை. என்னுடன் வந்திருந்த ஒரு மூதாட்டி, "அலமாரி எங்க வச்சிருப்பாங்க சாமி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்வி.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு தயக்கமும் கூடவே வருகிறது. எனக்குத் திருச்சபை அறை தருகிறது. வாடகைக் காசோலை எழுதாதவன் எளிமையைப் பற்றிப் பேசுவது எளிது. தொழிலாளர் முகாமில் இரண்டடுக்குக் கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக இருபது ஆண்டுகளாக வாழும் அண்ணன்மாரிடம் போய் எளிமையைப் போதிக்க எனக்கு வாய் வராது. அவர்களுடையது எளிமை அன்று. அவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதல் இடமும், பூட்டிக்கொள்ள ஓர் அலமாரியும், வரிசையில் நிற்காத ஒரு குளியலறையும் வேண்டும். இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நெருக்கடி உயிரையும் வாங்குகிறது. 2023 ஏப்ரலில் துபாய் தேரா பகுதியின் அல் ராஸில் ஓர் அடுக்ககத்தில் தீப்பற்றி 16 பேர் இறந்தனர். 2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஏற்பட்ட தீயில் இறந்தவர்களில் 45 பேர் இந்தியர். அவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அறைகளைப் பிரிக்க எளிதில் தீப்பற்றும் பொருள்களைப் பயன்படுத்தியிருந்ததாக அப்போது சொல்லப்பட்டது. துபாய் மாநகராட்சி 2025 ஜூனில் அனுமதியற்ற பார்ட்டிஷன்களுக்கு எதிராகக் கடும் நடவடிக்கை எடுத்தபோது, பலர் ஒரே இரவில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியேற நேர்ந்ததை அறிவீர்கள். அந்தத் துயரத்தை நான் கண்டேன். அதேவேளை அட்டைச் சுவர்களுக்குள் மனிதர்கள் உறங்குவதை நியாயப்படுத்தவும் என்னால் இயலாது. குடும்பமாக இருப்போரும் ஒன்றைச் செய்யலாம்: இன்றிரவு உங்கள் வாசற்கதவு முழுமையாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கதவுக்குப் பின்னே சூட்கேஸ்கள், நடைவழியில் செருப்பு அடுக்கு, பால்கனியில் கார்கோ அட்டைப்பெட்டிகள், ஒரே நீட்டிப்புப் பலகையில் ஐந்து பிளக்குகள் என்று எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! பீடத்தில் திரைச்சீலைக்கு அருகே மெழுகுதிரி ஏற்றாதீர்கள். ஒரு சிலுவை, ஒரு விவிலியம், ஒரு சிறு மின்விளக்கு போதும். ஒரே பீடத்தில் ஏழு மாதா சுரூபங்களை எண்ணியிருக்கிறேன். அவற்றில் ஆறு பரிசாக வந்தவையாம்.

கார்கோ பெட்டிகளைக் குறிப்பிட்டேன். அவற்றைப் பற்றி நம் பங்கில் ஒரு பெரியவரைத்தான் கேட்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே இருபத்து நான்கு வயது இளைஞர். தங்கை திருமணத்துக்காக வாங்கிய வீடியோ டெக் பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கடியில் இருந்ததாம். பேருந்தில் பாக்தாத், அங்கிருந்து ஜோர்தான் நாட்டின் அம்மான், கூடாரத்தில் காத்திருப்பு, பின் ஏர் இந்தியா விமானம். அப்படித் தாயகம் கொண்டுவரப்பட்ட இந்தியர் ஏறத்தாழ 1,70,000 பேர். அவர் கொண்டுவந்தது ஒரு தோள்பை: கடவுச்சீட்டு, சான்றிதழ்கள், இரண்டு சட்டை. "அந்த டெக்க இப்பவும் நெனப்பேன் சாமி, எவன் படம் பாத்தானோ" என்பார். இன்றுவரை அவருடைய சொத்து இரண்டு சூட்கேஸ்களுக்குள் அடங்கும். அவர் மனைவிக்கு அதில் பெரும் வருத்தம். ஒரு நல்ல பீங்கான் தட்டுக்கூட வாங்க விடுவதில்லையாம். அம்மாவின் கட்சியில்தான் நானும் இருக்கிறேன். அழகான தட்டு ஒன்று வீட்டில் இருக்கலாம்.

நம் சிக்கனத்தின் பெரும் ஓட்டை இங்கே இல்லை, ஊரில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையோரம் விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் பார்க்கிறேன்: நான்கு படுக்கையறை, பளிங்குத் தரை, இரண்டாம் மாடி, உள்ளே வயதான தாய் ஒருவர். அவர் கூடத்தில், கதவருகே, ஒரு கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். மாடிக்கு அவர் ஏறி ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்த வீட்டுக்காகத்தான் மகன் இங்கே பெட் ஸ்பேஸில் பதினைந்து ஆண்டுகளைக் கழித்திருப்பார். குமரிக்கு அருகிலேயே, திருவனந்தபுரத்தில், லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் 2007இல் இறக்கும்வரை வேறு வழியைக் காட்டிக்கொண்டிருந்தார். சுவருக்குப் பூச்சு வேண்டாம், செங்கல்லே அழகு என்றார். செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவரெழுப்பினார். செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம், வெப்பமும் உள்ளே குறைவு. கூரைக் கான்கிரீட்டுக்குள் பழைய ஓடுகளைப் பதித்து சிமெண்டையும் கம்பியையும் குறைத்தார். ஊரில் வீடு கட்ட எண்ணுவோர், மேஸ்திரி சொல்லும் கணக்குக்குத் தலையாட்டுவதற்கு முன் அங்கே ஒருமுறை சென்று அந்த வீடுகளைப் பார்த்துவாருங்கள். உங்கள் தாயாருக்கு எத்தனை அறை வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள்.

தம்பியின் வீட்டை ஜூன் மாதம் மந்திரித்தேன். அடுத்த மாதமே அன்பியக் கூட்டத்தை அங்கே வைத்தார்கள். பதினெட்டுப் பேர் வந்தோம். நாற்காலிகள் இரண்டையும் முதியோருக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் அந்த இரண்டு கோரைப்பாய்களிலும் தரையிலுமாக அமர்ந்தோம். சோபா இருந்திருந்தால் மூவர் அமர்ந்திருப்போம், பதினைந்து பேர் நின்றிருப்பார்கள். அந்தச் சிறுமி கூட்டத்தின் பாதியில் உறங்கிப்போனாள், தந்தையின் மடியில். தம்பி அசையாமல் இருந்தார். கால் மரத்துப்போயிருக்கும், இருந்தும் யாரிடமும் கொடுக்கவில்லை.

இறுதியாக ஓர் அறிவிப்பு. பள்ளி ஆண்டு முடிவதால் இந்த மாதத்தில் சில குடும்பங்கள் நிரந்தரமாக ஊர் திரும்புகின்றன. இந்த நாட்டில் நன்கொடை திரட்ட உரிமம் பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே அனுமதி. ஆகவே பங்கின் பெயரில் பொருள்களைச் சேகரிக்க மாட்டோம், கோவில் வளாகத்தில் எதையும் கொண்டுவந்து இறக்கவும் வேண்டாம். ஒரு வீட்டார் தமக்கு அறிமுகமான இன்னொரு வீட்டாருக்குக் கொடுப்பதை உங்கள் அன்பியத்துக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அல் நாஹ்தாவில் ஒரு குடும்பத்தார் தங்கள் குளிர்பதனப் பெட்டி, இரும்பு அடுக்கு, குழந்தையின் படிப்பு மேசை ஆகியவற்றைப் புதிதாகக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் யாருக்கேனும் கொடுக்க விரும்புவதாகத் தங்கள் அன்பியத் தலைவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் மாடி, மின்தூக்கி உண்டு, ஆனால் நாத்தூரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.